செப்டம்பர் 28: ஒரு விளையாட்டரங்கமும் பதின்மூன்று வருடக் காத்திருப்பும்

இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். ஆப்பிரிக்காவில் கினி என்று ஒரு நாடு. அங்கே நடந்த ஒரு படுகொலையையும், அதற்குப் பிறகு நடந்த வழக்கையும் பற்றி எழுதப் போகிறேன். "கினியா? அதைப் பற்றி நாம் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் முதல் இரண்டு பத்தியை மட்டுமாவது படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பள்ளியில் ஜாலியன்வாலா பாக் பாடம் நடத்தும்போது எல்லா வகுப்பிலும் யாராவது ஒருவன் எழுந்து, "டயருக்கு என்ன சார் தண்டனை கொடுத்தாங்க?" என்று கேட்பான். எங்கள் வகுப்பில் அந்த ஒருவன் நான்தான். பதில் உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1919 ஏப்ரல் 13 அன்று 1650 ரவுண்டு சுட வைத்தவர் டயர். அரசாங்கக் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். ஹண்டர் குழு என்று ஒன்று விசாரித்தது. டயரைப் பதவியிலிருந்து விலகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நடக்கவில்லை. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்று வாக்களித்தது. ஒரு லண்டன் பத்திரிகை அவருக்காக நிதி திரட்டி 26,000 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது.

சுட்டவனும் அரசாங்கம், விசாரிப்பவனும் அதே அரசாங்கம் என்றால் இப்படித்தான் முடியும். அப்படியானால் வெளியிலிருந்து யாராவது விசாரித்தால்? ஒரு நாட்டு அரசு தன் மக்களையே சுடும்போது "ஏன் சுட்டாய்?" என்று கேட்க உலகத்தில் யாருக்காவது உரிமை இருக்கிறதா? கேட்டால்தான் ஏதாவது நடக்குமா? ஐ.நா. என்றாலே "கண்டனம் தெரிவிக்கிற சங்கம்" என்று சிரிப்பவன் என் நண்பன். அவனோடு போட்ட சண்டையில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

முதலில் ஷார்ப்வில்

இந்தக் கேள்வி உலக அரங்கில் பெரிதாக எழுந்தது 1960-இல். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்கள் எங்கே போனாலும் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். அதை எதிர்த்து மார்ச் 21 அன்று ஷார்ப்வில் என்ற இடத்தில் மக்கள் பாஸ் இல்லாமல் காவல் நிலையத்துக்குப் போய், "எங்களைக் கைது செய்யுங்கள்" என்று நின்றார்கள். போலீஸ் சுட்டது. பல காலமாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 69 பேர். உண்மையில் அதைவிட அதிகம் என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து ஐ.நா. பாதுகாப்பு சபையைக் கூட்டச் சொல்லின. "இது எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்றது தென்னாப்பிரிக்கா. இந்த வசனத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் எங்கே துப்பாக்கிச் சூடு நடந்தாலும் அடுத்த நாள் வரும் வசனம் இதுதான். ஆனாலும் ஏப்ரல் 1 அன்று 134-ஆம் தீர்மானம் நிறைவேறியது. ஒன்பது நாடுகள் ஆதரித்தன. பிரிட்டனும் பிரான்சும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன.

பலன்? ஒரு வாரத்துக்குள் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கும் பான் ஆப்பிரிக்கவாத காங்கிரஸுக்கும் தடை வந்தது. 1961-இல், அதிகாரிகள் மேல் யாரும் வழக்குப் போட முடியாதபடி ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். சுட்ட போலீஸ்காரர்கள் ஒருவர்கூட தண்டிக்கப்படவில்லை. என் நண்பன் சொன்னது சரி போலத்தான் இருக்கிறது, இல்லையா?

ஆனால் ஒரு விஷயம் மாறியிருந்தது. "உள்நாட்டு விவகாரம்" என்ற பூட்டு அன்றைக்கு உடைந்துவிட்டது. 1966-இல் மார்ச் 21-ஐ இன ஒதுக்கலுக்கு எதிரான சர்வதேச தினமாக ஐ.நா. அறிவித்தது. 1973-இல் இனவெறி ஆட்சியையே மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று சொல்லும் ஒப்பந்தம் வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று மண்டேலா புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட்டது அதே ஷார்ப்வில்லில்தான். 36 வருடம் ஆனது. நீதிமன்றத்தில் யாரும் நிறுத்தப்படவில்லை.

யாரையாவது நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்துவதற்கு ஒரு நீதிமன்றம் வேண்டும். அது 1998-இல் ரோம் நகரத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கையால் வந்தது. 2002 ஜூலை 1 முதல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் செயல்பாட்டுக்கு வந்தது. கினி 2003-இல் அதில் சேர்ந்தது. சேரும்போது என்ன நினைத்துச் சேர்ந்தார்களோ தெரியாது, ஆனால் அந்தக் கையெழுத்து ஆறு வருடம் கழித்து வேலைக்கு வந்தது.

"வேண்டாம்" சொன்ன நாள்

கினி பிரெஞ்சுக் காலனியாக இருந்த நாடு. 1958-இல் பிரெஞ்சுத் தலைவர் டி கால், ஆப்பிரிக்கக் காலனிகளிடம் வாக்கெடுப்பு நடத்தினார். பிரெஞ்சு சமூகத்துக்குள் தொடர்ந்து இருக்கச் சம்மதமா என்பது கேள்வி. ஆப்பிரிக்காவிலிருந்த பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் "வேண்டாம்" என்று சொன்னது கினி மட்டும்தான். அந்த நாள் செப்டம்பர் 28. சில நாட்களில் சுதந்திரம் வந்துவிட்டது. அதன் நினைவாகத் தலைநகர் கொனாக்ரியில் இருக்கும் பெரிய விளையாட்டரங்கத்துக்கு "செப்டம்பர் 28 அரங்கம்" என்று பெயர் வைத்தார்கள்.

சுதந்திரம் வந்ததே தவிர மக்களாட்சி வரவில்லை. செக்கு தூரே 1984-இல் சாகும் வரை ஆண்டார். அவர் செத்தவுடன் இராணுவப் புரட்சி, லான்சானா கொந்தே வந்தார். அவரும் 2008 டிசம்பர் 22-இல் சாகும் வரை ஆண்டார். ஐம்பது வருடத்தில் இரண்டே ஆட்சியாளர்கள்! கொந்தே இறந்த சில மணி நேரத்தில் மூசா தாதிஸ் கமாரா என்ற இளம் கேப்டன் ஆட்சியைப் பிடித்தார். தேர்தல் நடத்துவேன், நான் போட்டியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மக்கள் முதலில் கை தட்டி வரவேற்றார்கள். பழைய ஆட்சியில் இருந்த போதைப் பொருள் கடத்தல்காரர்களைத் தொலைக்காட்சியிலேயே விசாரித்து ஒப்புக்கொள்ள வைத்தார். அதைப் பார்க்க ஊரே கூடியது.

சில மாதத்தில் பேச்சு மாறியது. தானே போட்டியிடலாம் என்ற சாடை தெரிந்தது. எதிர்க்கட்சிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு பேரணி அறிவித்தன. நாளாக அவர்கள் தேர்ந்தெடுத்தது, தங்கள் நாடு "வேண்டாம்" என்று சொன்ன அதே செப்டம்பர் 28. இடம், அதே பெயர் கொண்ட அரங்கம்.

2009 செப்டம்பர் 28, திங்கட்கிழமை

அரசு தடை போட்டது. மக்கள் கேட்கவில்லை. காலையிலிருந்தே நடந்து வந்து அரங்கத்தை நிரப்பினார்கள். பாட்டு, ஆட்டம், மைதானத்தில் தொழுகை என்று திருவிழா மாதிரி இருந்ததாகச் சாட்சிகள் சொல்லியிருக்கிறார்கள். ஆயுதம் இல்லை. தலைவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

நண்பகல் நெருங்கும் நேரத்தில் ஜனாதிபதியின் காவல் படை வந்தது. தலையில் சிவப்புத் தொப்பி அணிவதால் மக்கள் அவர்களை அந்தப் பெயராலேயே அழைப்பார்கள். அவர்களோடு ஜெண்டார்ம், போலீஸ் ஆட்களும். வெளியேறும் வழிகளை அடைத்துக்கொண்டு கண்ணீர்ப்புகை வீசிவிட்டு, கூட்டத்துக்குள் நேராகச் சுட்டார்கள். குண்டடி பட்டும் நெரிசலில் மிதிபட்டும் மக்கள் செத்தார்கள். சுவர் ஏறிக் குதித்தவர்களை வெளியே நின்றவர்கள் கத்தியால் குத்தினார்கள். பெண்களுக்கு அந்த மைதானத்திலேயே, பகல் வெளிச்சத்தில் நடந்த கொடுமைகளை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. சிலரை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய் நாள்கணக்கில் அடைத்து வைத்து அதையே தொடர்ந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர்களையும் அடித்துத் துவைத்தார்கள்.

அடுத்தது இன்னும் மோசம். உடல்களை மறைக்க ஆரம்பித்தார்கள். இராணுவம் பல உடல்களை எடுத்துக்கொண்டு போய் ரகசியமாகப் புதைத்தது. அரசு சொன்ன கணக்கு 57 பேர்; அதிலும் பெரும்பாலானோர் நெரிசலில் செத்தார்களாம். பிணவறைக்குப் போய் மகனைத் தேடிய தாய்க்கு உடலும் இல்லை, செத்தான் என்ற சான்றும் இல்லை.

இங்கே நிறுத்தி யோசித்துப் பாருங்கள். இது 1919 ஆக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

வெளியிலிருந்து வந்த மூன்று பேர்

2009-இல் அது முடியவில்லை. அக்டோபர் 14 அன்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்கறிஞர் அலுவலகம் கினி மீது முதற்கட்ட ஆய்வு தொடங்கியதாக அறிவித்தது. படுகொலை நடந்து பதினாறே நாள். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் ஆயுதம் விற்கத் தடை போட்டன. ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் மூன்று பேர் கொண்ட விசாரணை ஆணையம் அமைத்தார். தலைவர் அல்ஜீரியாவின் நீதிபதி முகமது பெஜாவி. மொரிஷியஸின் பிரமிளா பாட்டனும், புருண்டியின் முன்னாள் அமைச்சர் ஒருவரும் உறுப்பினர்கள். மூவரில் இருவர் பெண்கள். பெண்களுக்கு நடந்ததை அவர்கள் பேசும்படி கேட்க இது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆணையம் கொனாக்ரியில் உட்கார்ந்து கிட்டத்தட்ட 700 பேரை விசாரித்தது. அது ஊரில் இருக்கும்போதே, டிசம்பர் 3 அன்று, சினிமாவில் வருவது போல ஒன்று நடந்தது. தாதிஸின் நம்பிக்கைக்குரிய உதவி அதிகாரி அபூபக்கர் தியாக்கிதே. எல்லோரும் அவரைத் தும்பா என்பார்கள். சிவப்புத் தொப்பிகளை அரங்கத்தில் நடத்தியவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர். அன்று ஒரு இராணுவ முகாமில் வாக்குவாதம் முற்றி தாதிஸின் தலையில் சுட்டார். பிறகு அவரே ரேடியோவுக்குப் பேட்டி கொடுத்தார்: படுகொலைப் பழி முழுவதையும் தாதிஸ் தன் தலையில் கட்டப் பார்த்தாராம்.

கவனியுங்கள். ஐ.நா. ஆணையத்திடம் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. கைது செய்யும் அதிகாரம் இல்லை. பேனாவும் காகிதமும்தான். ஆனால் "பெயர்களை எழுதப் போகிறார்கள்" என்ற பயமே அந்தக் கும்பலை ஒருவரை ஒருவர் சுட வைத்தது. தாதிஸ் பிழைத்தார். ஆனால் ஆட்சி போனது. மொராக்கோவில் சிகிச்சை, பிறகு பர்கினா ஃபாசோவில் வாசம்.

டிசம்பரில் அறிக்கை வந்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் குறைந்தது 156 பேர். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் குறைந்தது 109 பேர். இவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று கருத நியாயமான காரணம் இருக்கிறது என்று சொன்னதோடு தாதிஸ், தும்பா, போதைப் பொருள் தடுப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மூசா தியெக்பொரோ கமாரா ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

நீதிபதிக்கு வெளியே நின்ற நிழல்

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. குற்றம் நடந்தவுடன் அது ஓடி வந்து பிடிக்கும் என்று. அதன் விதி அப்படி இல்லை. அந்தந்த நாடு உண்மையாகவே விசாரித்தால் அது தலையிடாது. நாடு விசாரிக்க மறுத்தாலோ முடியாமல் போனாலோதான் அது வரும். வீட்டில் அண்ணன் தம்பி தகராறை வீட்டுக்குள் தீர்த்துவிட்டால் பஞ்சாயத்து வராது என்பது மாதிரி.

கினி அரசு இதைப் புரிந்துகொண்டது. 2010 பிப்ரவரியில் உள்நாட்டு விசாரணையைத் தொடங்கியது. அப்புறம்? இழுவை. 2010 தேர்தலில் ஆல்ஃபா கொண்டே ஜனாதிபதியானார் (பழைய கொந்தே வேறு, இந்தக் கொண்டே வேறு!). விசாரணை நீதிபதிகள் நானூறுக்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். 2015-இல் தாதிஸ் மீது குற்றம் சாட்டப்பட்டது. தலைமறைவாக இருந்த தும்பா 2016 டிசம்பரில் செனகல் நாட்டில் பிடிபட்டார். 2017 கடைசியில் விசாரணை முடிந்தது. வழக்கு மட்டும் தொடங்கவில்லை. கட்டடம் இல்லை, பணம் இல்லை, கமிட்டி கூடவில்லை... காரணங்களுக்கா பஞ்சம்?

இந்த இடைவெளியில் வழக்கைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தது இரண்டு தரப்பு. ஒன்று, வருடா வருடம் ஆள் அனுப்பி "என்ன ஆயிற்று? நீங்கள் செய்யவில்லை என்றால் நாங்கள் எடுத்துக்கொள்வோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்த ஹேக் நகரத்து வழக்கறிஞர் அலுவலகம். இன்னொன்று, அதைவிட முக்கியமாக, பாதிக்கப்பட்டவர்களே அமைத்துக்கொண்ட சங்கம். அதற்குத் தலைமை ஏற்றவர் அந்த அரங்கத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய். ஒவ்வொரு செப்டம்பர் 28-க்கும் கூடினார்கள். மிரட்டலுக்கு நடுவே சாட்சிகளைச் சேர்த்தார்கள். உள்நாட்டு மனித உரிமை அமைப்புகளின் வக்கீல்கள் கூட நின்றார்கள்.

பதின்மூன்றாவது செப்டம்பர் 28

கடைசியில் வழக்கைத் தொடங்கி வைத்தது யார் தெரியுமா? இன்னொரு இராணுவப் புரட்சிக்காரர்! 2021 செப்டம்பரில் மாமடி தும்பூயா, ஆல்ஃபா கொண்டேயைக் கவிழ்த்தார். உலக நாடுகளிடம் நல்ல பெயர் வாங்க அவருக்கு ஏதாவது தேவைப்பட்டது. 2022 செப்டம்பர் 28 அன்று, சரியாகப் பதின்மூன்று வருடம் கழித்து, கொனாக்ரியில் அதற்கென்றே எழுப்பிய நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கியது. தாதிஸ் நாடு திரும்பிக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். சர்வதேச வழக்கறிஞர் கரீம் கான் நேரில் வந்து பார்த்துவிட்டு, கினியின் மீதான தன் ஆய்வை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்.

வழக்கு தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. 2009-இல் மற்றவர்களைத் தொலைக்காட்சியில் விசாரித்த தாதிஸை இப்போது நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. முன்னாள் தலைவரும் அவரைச் சுட்ட உதவியாளரும் ஒரே வழக்கில் குற்றவாளிகளாக நின்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். சிலர் மூடிய அறையில் சொன்னார்கள், சிலர் எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அந்தக் கொடுமை நடந்த பிறகு கணவனும் குடும்பமும் ஒதுக்கி வைத்த பெண்கள் அவர்களில் இருந்தார்கள். அந்தப் பெண்களின் தைரியத்துக்கு முன்னால் இந்த வழக்கில் வேறு எதுவும் பெரிதில்லை.

2023 நவம்பர் 4 அதிகாலையில் ஆயுதம் தாங்கிய கும்பல் சிறையை உடைத்து தாதிஸ் உட்பட நான்கு பேரை வெளியே கொண்டு போனது. தாதிஸ் அன்றைக்கே பிடிபட்டார். குளோத் பிவி என்ற கர்னல் தப்பி ஓடி, அடுத்த வருடம் லைபீரியாவில் சிக்கினார்.

2024 ஜூலை 31 அன்று தீர்ப்பு. நடந்தது சாதாரணக் கொலை வழக்கு அல்ல, மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்றது நீதிமன்றம். கீழே இருந்தவர்கள் செய்ததைத் தடுக்காத மேலதிகாரியின் பொறுப்பு என்ற அடிப்படையில் தாதிஸுக்கு 20 வருடம். பிவிக்கு ஆயுள். தும்பாவுக்கு 10 வருடம். மொத்தம் எட்டுப் பேர் குற்றவாளிகள், நான்கு பேர் விடுதலை. ஒரு நாட்டின் முன்னாள் ஆட்சியாளரை அந்த நாட்டு நீதிபதிகளே, அந்த மண்ணிலேயே இந்தக் குற்றத்துக்காகத் தண்டித்தது சாதாரண விஷயமில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால்...

முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நண்பனிடம் "பார்த்தாயா!" என்று சொல்லியிருப்பேன். 2025 மார்ச் 28 அன்று இரவு தொலைக்காட்சியில் ஒரு அறிவிப்பு வந்தது. உடல்நலக் காரணத்தால் தாதிஸ் கமாராவுக்கு ஜனாதிபதி மன்னிப்பு வழங்கியிருக்கிறார். தீர்ப்பு வந்து எட்டு மாதம்தான். மேல்முறையீடே இன்னும் நடக்கவில்லை. இரண்டு நாள் முன்புதான், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் செலவை அரசே ஏற்கும் என்று ஆணை வந்திருந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த மாதிரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமைதியாகக் கூடியவர்களைக் கொன்றதற்காக வழக்கு நடத்திய அதே தும்பூயாவின் அரசு, 2022 மே மாதமே நாட்டில் ஊர்வலங்களுக்குத் தடை போட்டிருந்தது. தீர்ப்புக்கு மூன்று வாரம் முன்பு, 2024 ஜூலை 9 அன்று, மக்களாட்சி கேட்டுப் போராடிய இயக்கத்தின் இரண்டு தலைவர்களை ஆயுதம் ஏந்திய ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அவர்கள் வீடு திரும்பவில்லை. பழைய படுகொலைக்குத் தீர்ப்பு எழுதும் நாட்டில் புதிதாக ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

அப்படியானால் யார் சொன்னது சரி? நண்பனா, நானா?

நான் யோசித்துப் பார்த்ததில் இப்படித் தோன்றுகிறது. வெளியிலிருந்து வரும் சட்டம் யாரையும் நேரடியாகச் சிறையில் தள்ளவில்லை. அது செய்தது மூன்று காரியம். சாட்சி உயிரோடு இருக்கும்போதே, இரத்தக் கறை காய்வதற்குள் நடந்ததை எழுதி வைத்தது. "நீ செய்யாவிட்டால் நான் செய்வேன்" என்று பதின்மூன்று வருடம் ஒரு அரசின் தோளுக்குப் பின்னால் நின்றது. உள்ளூரில் போராடிய ஒரு தாய்க்கு, "நான் தனியாக இல்லை" என்று சொல்ல ஒரு முகவரி கொடுத்தது. மிச்சம் எல்லாவற்றையும் செய்தது அந்தத் தாய்மாரும், அவர்களின் வக்கீல்களும், பயப்படாத சில நீதிபதிகளும்தான்.

அது எங்கே தோற்றது என்பதும் தெளிவு. பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து போனதும் மன்னிப்பு வந்துவிட்டது. ஹேக் அலுவலகம் வழக்கு தொடங்கிய அன்றே தன் கோப்பை மூடியது அவசரம் என்றுதான் நினைக்கிறேன். தீர்ப்பு வரும் வரை இல்லை, தண்டனை முடியும் வரை கோப்பு திறந்திருக்க வேண்டும்.

மன்னிப்பு தண்டனையை அழிக்கும். தீர்ப்பை அழிக்காது. டயர் சாகும்போது எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருக்கவில்லை. தாதிஸ் கமாராவைச் சொல்லியிருக்கிறது, அவர் நாட்டு மக்கள் பார்த்துக்கொண்டிருக்க. அரசு 57 என்று சொன்ன எண்ணிக்கை இன்று எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் தனியாக நிற்க முடியாது. பக்கத்தில் 156 வந்து நிற்கும். 1919-க்கும் 2024-க்கும் நடுவே மனிதர்கள் நடந்த தூரம் இவ்வளவுதான். போதுமா என்றால் போதாது. ஆனால் பூஜ்யம் இல்லை.

கொனாக்ரியில் அந்த அரங்கம் இன்னும் அதே பெயரோடுதான் இருக்கிறது. உடல் கிடைக்காத வீடுகளில் ஒன்றில், தீர்ப்பு வந்த பிறகும் ஒரு அம்மா கேட்கிற கேள்வி "எத்தனை வருடம் கொடுத்தார்கள்?" என்பதாக இருக்காது. "என் பிள்ளையை எங்கே புதைத்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு அந்தக் கூண்டில் நின்ற ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இதில் எனக்கு எதிர்க் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். நண்பன் ஏற்கனவே தயாராக இருக்கிறான். அடுத்த பதிவில் சந்திப்போம்.